அட்டன்பரோ: ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் வரலாறும் சொற்பிறப்பியல் தரும் பாடமும்



இவ்வுரையை ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையது. 1980களின் நடுப்பகுதியில் நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் இளம் ஆசிரியனாகப் பணியாற்றி வந்தேன். 1982இல் வெளிவந்து எட்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘காந்தி’ திரைப்படத்தை ஒருநாள் பள்ளி மண்டபத்தில் மாணவர்களுக்குத் திரையிட்டார்கள். மறுநாள் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, அந்தப் படத்தின் இயக்குநர் ரிச்சர்ட் அட்டன்பரோ. அட்டன்பரோ என்றால் என்ன பொருள்?” என்று கேட்டார். அப்போதுதான் மொழியியலில் பட்டம் பெற்றிருந்த எனக்கு, விடை தெரியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கரும்பலகையில் அப்பெயரைப் பிரித்து எழுதினேன். ‘அட்’ என்பது இடத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொல். ‘தென்’ என்பது ‘அந்த’ எனப் பொருள்படும் பழைய சுட்டு. ‘பரோ’ என்பது நகரம். ஆகவே, ‘நகரத்தருகே குடியிருந்தவர்’ என்பதே பொருள் என்றேன். வகுப்பு முழுவதும் அதை எழுதிக்கொண்டது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, ஓர் ஆசிரியர் பயிலரங்கில் அம்மாணவரை மீண்டும் கண்டேன். அவரும் ஆசிரியராகியிருந்தார். “நீங்கள் அன்று சொன்ன அட்டன்பரோ விளக்கத்தை ஆண்டுதோறும் என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன், ஐயா” என்று மகிழ்ச்சியுடன் கூறினார். அவ்விளக்கம் பிழையென்பதை அதற்குள் நான் அறிந்திருந்தேன். அதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. சிறிது நேரம் பேசாதிருந்தவர், “அப்படியானால் எது சரி என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது, ஐயா?” என்று கேட்டார். அவ்வினாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இவ்வுரை அக்கடனைத் தீர்க்கும் முயற்சி.

குடும்பப்பெயர் தோன்றிய வகை

ஆங்கிலேயர் எல்லாருக்கும் தொன்றுதொட்டே குடும்பப்பெயர் உண்டு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறில்லை. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன், அந்நாட்டு மக்கள் பொதுவாக ஒற்றைப் பெயரே கொண்டிருந்தனர். நார்மானியர் வருகைக்குப்பின் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான் முதலிய சில பெயர்களே நாடெங்கும் பெருவழக்காயின. ஒரே சிற்றூரில் நான்கு வில்லியம்கள் இருந்தால், நிலவரி எழுதும் கணக்கர் யாரை எவ்வாறு குறிப்பார்? ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் தேவைப்பட்டது.

அவ்வடையாளங்கள் நான்கு வகைப்பட்டன. தொழிலால் அமைந்தவை ஒருவகை: கொல்லருக்கு ஸ்மித், தையற்காரருக்குத் டெய்லர். தந்தை பெயரால் அமைந்தவை மற்றொருவகை: ஜானின் மகன் ஜான்சன். உருவம், நிறம், இயல்பு ஆகியவற்றால் அமைந்த பட்டப்பெயர்கள் மூன்றாம் வகை: குள்ளமானவர் ஷார்ட், பழுப்பு நிறத்தவர் பிரவுன். இடத்தால் அமைந்தவை நான்காம் வகை. இவ்வடையாளங்கள் முதலில் ஒருவரோடு தோன்றி அவரோடே மறைந்தன. நாளடைவில் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கத் தொடங்கின. நிலவுடைமையாளரிடையே முதலில் வேரூன்றிய இவ்வழக்கம், 1400ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களைச் சென்றடைந்துவிட்டது. 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு கோவிற்பற்றிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதும் முறை வந்தது. அதன்பின் பெயர்கள் எழுத்தில் நிலைகொண்டன.

இடப்பெயரால் அமையும் குடும்பப்பெயர் பற்றி ஒரு நுட்பத்தை இங்கே மனத்தில் இருத்தவேண்டும். ஓர் ஊரில் வாழ்பவரை அவ்வூரார் அவ்வூர்ப் பெயரால் அழைப்பதில்லை, எல்லாரும் அவ்வூரினரே. ஊரைவிட்டு வெளியேறி வேற்றூரில் குடியேறியவருக்கே பழைய ஊர்ப்பெயர் அடையாளமாகிறது. நம் முன்னோர் தோட்டங்களில் குடியேறியபோது, ஒருவரைத் ‘தஞ்சாவூரார்’ என்றும் மற்றொருவரைத் ‘திருச்சிக்காரர்’ என்றும் அழைத்ததை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். இவ்வகைப் பெயர் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் புலம்பெயர்ந்த ஒரு மனிதர் நிற்கிறார்.

இரண்டு விளக்கங்கள்

அட்டன்பரோ என்னும் குடும்பப்பெயர் ஆங்கிலத்தில் அரியது. ஸ்மித் என்பது ஊர்தோறும் தனித்தனியே தோன்றிய பெயர். அட்டன்பரோ அவ்வாறு பரவியதன்று. அட்டன்பரோ, அட்டன்பரோவ், அட்டன்பேரோவ் எனச் சில எழுத்து வேறுபாடுகளோடு வழங்கும் இப்பெயருக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, நான் வகுப்பில் சொன்னது: ‘நகரத்தருகே அல்லது அரணருகே வாழ்ந்தவர்’. இரண்டாவது, இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில், டிரென்ட் ஆற்றின் வடகரையில் உள்ள அட்டன்பரோ என்னும் சிற்றூரிலிருந்து வந்தவர் என்பது. அவ்வூர் நாட்டிங்காம் நகரின் தென்மேற்கே, தூய மரியாள் கோவிலைச் சூழ அமைந்தது. ஆங்கில உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையின் தளபதியாக இருந்தவரும் ஆலிவர் கிராம்வெல்லின் மருமகனுமான ஹென்றி அயர்ட்டன், 1611இல் திருமுழுக்குப் பெற்றது அக்கோவிலிலேதான்.

இரண்டு விளக்கங்களும் கேட்கும்போது பொருத்தமாகவே தோன்றுகின்றன. தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆகவே நான்கு சோதனைகளை வரிசையாக நடத்திப் பார்ப்போம்.

முதற்சோதனை: பழைய வடிவம்

ஒரு பெயரின் இன்றைய வடிவம் நெடும்பயணத்தின் முடிவில் நிற்பது. அதன் பிறப்பை அறியப் பயணத்தின் தொடக்கத்துக்குச் செல்லவேண்டும். 12ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் அவ்வூரின் பெயர் ‘அடின்புர்க்கா’ என்று காணப்படுகிறது.

இவ்விரு வடிவங்களையும் தமிழெழுத்தில் எழுதிப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். தமிழில் ‘ஆடு’ என்னும் சொல்லில் வரும் தனி டகரம் ஒலிப்புடையது. ‘பட்டம்’ என்னும் சொல்லில் இரட்டித்து வரும் டகரம் ஒலிப்பற்றது. இன்றைய ‘அட்டன்பரோ’வில் பட்டத்தின் ஒலி இருக்கிறது. பழைய ‘அடின்புர்க்கா’விலோ ஆட்டின் ஒலி இருக்கிறது. ‘அட்’ என்னும் முன்னிடைச்சொல் இப்பெயரின் முதலுறுப்பாக இருந்திருந்தால், பழைய வடிவத்தில் ஒலிப்பற்ற ஒலியே நின்றிருக்கவேண்டும். அது இல்லை.

இடப்பெயர் ஆய்வாளர் இவ்வடிவத்தை மூன்று உறுப்புகளாகப் பிரிக்கின்றனர். ‘அட்டா’ அல்லது ‘ஆடி’ என்பதை ஒத்த ஒலியுடைய பழைய ஆங்கில ஆட்பெயர். ‘இங்’ என்னும் தொடர்புறுத்தும் இடைநிலை. ‘புர்ஹ்’ என்னும் பெயர்ச்சொல். முதலுறுப்பை நான் இங்கே ஒலிப்புடை டகரமாகவே கொள்கிறேன். படிப்போர் அதை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். அந்த ஆட்பெயரோடு தொடர்புடைய அரண் என்பதே ஊர்ப்பெயரின் பொருள்.

இவ்வாட்பெயர் கற்பனையன்று. பீட் என்னும் துறவி 731இல் எழுதி முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாற்றில், 653இல் நடு ஆங்கிலர் என்னும் மக்களிடையே சமயப்பணிக்கு அனுப்பப்பட்ட நான்கு குருமாருள் ஒருவருக்கு இப்பெயரே இருந்தது. உடனே, அக்குருவே இவ்வரணைக் கட்டினார் என்று சொல்ல நாவு துடிக்கும். அங்கேதான் ஆய்வாளர் தம்மை அடக்கிக்கொள்ளவேண்டும். பெயர் ஒன்றாயிருப்பதால் ஆளும் ஒருவராகிவிடமாட்டார். இத்தகைய பெயர் அக்காலத்தில் வழக்கிலிருந்தது என்பதற்கு மட்டுமே அச்செய்தி சான்றாகும்.

இரண்டாம் சோதனை: இலக்கணம்

பழைய ஆங்கிலத்தில் உயிரற்ற பொருள்களின் பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என இலக்கணப் பால் உண்டு. பெயரின் பாலுக்கு ஏற்பச் சுட்டுச்சொல்லின் வடிவமும் மாறும். ஆண்பாற் சொல்லாயின் ‘அட் தென்’ என்பது சேர்ந்து ‘அட்டன்’ ஆகும். பெண்பாற் சொல்லாயின் ‘அட் தெர்’ என்பது சேர்ந்து ‘அட்டர்’ ஆகும்.

இச்சேர்க்கை ஆங்கிலக் குடும்பப்பெயர்களில் தடயங்களை விட்டுச் சென்றிருக்கிறது. சாம்பல் மரம் எனப்படும் ‘ஆஷ்’ ஆண்பாற் சொல். ‘அட்டன் ஆஷ்’ என்பதில் இறுதி னகரம் அடுத்த சொல்லோடு ஒட்டி ‘நாஷ்’ என்னும் பெயர் பிறந்தது. தீவைக் குறிக்கும் பழஞ்சொல் பெண்பால். ‘அட்டர்’ என்பதன் ரகரம் அதனோடு ஒட்டி ‘ரை’ என்னும் பெயர் பிறந்தது. நிலைமொழி ஈற்றொற்று வருமொழி உயிரோடு கூடுவதை நன்னூல் வழிப் பயின்ற நமக்கு இது புதிதன்று.

‘புர்ஹ்’ என்பது பெண்பாற் சொல். ஆகவே, ‘அரணருகே’ என்பது ‘அட்டர்’ என்றே தொடங்கவேண்டும். அவ்வாறு தொடங்கும் குடும்பப்பெயர் உண்மையிலேயே ஆங்கிலத்தில் உண்டு; அதுதான் ‘அட்டர்பரி’. நான் வகுப்பில் அட்டன்பரோவுக்குச் சொன்ன பொருள் உண்மையில் அட்டர்பரிக்கு உரியது.

இச்சான்று வலியது. ஆனால் தனித்து நிற்கும் அளவுக்கு வலியதன்று. நடு ஆங்கிலக் காலத்தில் இலக்கணப் பால் தளர்ந்து மறைந்தது. அதனால், தீவைக் குறிக்கும் அதே பெண்பாற் சொல்லிலிருந்து ‘ரை’ மட்டுமன்றி, ‘அட்டன்’ சேர்ந்த ‘நை’ என்னும் பெயரும் தோன்றியிருக்கிறது. இலக்கணச் சான்றை மட்டும் கொண்டு வாதாடுபவருக்கு இந்த ‘நை’ எதிர்ச்சான்றாகிவிடும். ஆகவே பிற சோதனைகளும் தேவை.

மூன்றாம் சோதனை: நிலம்

‘நகரத்தருகே வாழ்ந்தவர்’ என்பது பொருளாயின், இப்பெயர் நாட்டின் பல மூலைகளிலும் தனித்தனியே முளைத்திருக்கவேண்டும். அரண்களும் நகரங்களும் இங்கிலாந்தெங்கும் இருந்தன. ஒரே சிற்றூரிலிருந்து வந்தவர் என்பது பொருளாயின், அச்சிற்றூரைச் சுற்றியே அது செறிந்திருக்கவேண்டும். இப்பெயர் செறிந்திருந்த பகுதி நாட்டிங்காம்ஷயரும் அதன் சுற்றுப்புறமுமே ஆகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக, ‘காந்தி’ பட இயக்குநரின் குடும்பத்தையே கொள்ளலாம். ரிச்சர்டுக்கும், உயிரினங்கள் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களால் உலகறிந்த டேவிட்டுக்கும் தந்தையான ஃபிரடெரிக் அட்டன்பரோ, 1887இல் ஸ்டேபிள்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். அது அட்டன்பரோ ஊருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் அதே நாட்டிங்காம்ஷயரில் உள்ளது. பெயர் தான் பிறந்த மண்ணைவிட்டு அதிகம் விலகிப் போகவில்லை.

அந்த ஃபிரடெரிக்கைப் பற்றி மொழி பயில்வோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவர் பழைய ஆங்கிலத்தில் புலமை பெற்ற அறிஞர். ஆங்கில மன்னர்களின் மிகப் பழைய சட்டங்களைப் பதிப்பித்து மொழிபெயர்த்து 1922இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் உள்ள ஆல்ஃபிரட் மன்னரின் சட்டத்தொகுதி, ஒருவருடைய ‘புர்ஹ்’ஐ உடைத்து நுழைவதற்குரிய தண்டத்தை வரையறுக்கிறது. மன்னருடைய அரணை உடைத்தால் 120 ஷில்லிங், ஆயருடையதாயின் 60, உயர்குடியினர் ஒருவருடையதாயின் 30. எளிய உழவருடைய வேலியை உடைத்தால் 5 ஷில்லிங்.

இத்தண்டப் பட்டியலிலிருந்து ஒரு சொற்பொருள் உண்மை வெளிப்படுகிறது. அக்காலத்து ‘புர்ஹ்’ என்பது இன்றைய ‘பரோ’வைப் போல நகரத்தை மட்டும் குறிக்கவில்லை. தனியொருவருக்கு உரிய, மதிலோ வேலியோ சூழ்ந்த அரண்மனையையும் அது குறித்தது. ஒரு மனிதருடைய பெயரோடு சேர்த்து ஓர் அரணைச் சொல்வது அக்கால வழக்குக்கு முற்றிலும் இயைந்ததே. ‘நகரம்’ என்று நான் கரும்பலகையில் எழுதியபோது, இன்றைய பொருளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சொல்லின்மேல் ஏற்றிவிட்டேன். அது என் இரண்டாம் தவறு.

இச்சொல் பல உருவங்களில் இன்றும் வாழ்கிறது. எழுவாய் வடிவமான ‘புர்ஹ்’ பீட்டர்பரோவில் ‘பரோ’ ஆயிற்று. நான்காம் வேற்றுமை வடிவமான ‘பிரிக்’ என்பது கேன்டர்பரியில் ‘பரி’ ஆயிற்று. இதன் உறவுச்சொல்லே ஜெர்மனியின் ஹாம்பர்கில் ‘பர்க்’ என நிற்கிறது. வேற்றுமை வடிவங்களே தனிச்சொற்கள்போல நிலைத்துவிட்டதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நான்காம் சோதனை: குருதி

ஃபிரடெரிக் அட்டன்பரோ 1932 முதல் 1951 வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அக்கல்லூரி 1957இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணு ரேகை முறையைக் கண்டறிந்தது அங்கேதான். குடும்பப்பெயர்களுக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பணியும் அங்கே வளர்ந்தது.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. ஆங்கிலக் குடும்பப்பெயரும் அவ்வாறே தந்தைவழி இறங்குவது. ஆகவே, இரண்டும் ஒரே பாதையில் செல்கின்றனவா என்று சோதிக்கலாம். டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் ஒரே குடும்பப்பெயர் கொண்ட 150 இணை ஆடவரை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். பெயர் எவ்வளவுக்கு அரியதோ, அவ்வளவுக்கு இருவரும் ஒரு பொது மூதாதையரைக் கொண்டிருக்கும் வாய்ப்பு மிகுகிறது என்பது அவர்கள் கண்டது. 2009இல் வெளிவந்த விரிவான ஆய்வில், 40 குடும்பப்பெயர்களைக் கொண்ட 1,678 ஆடவர் இடம்பெற்றனர். அவற்றுள் அட்டன்பரோவும் ஒன்று. ஸ்மித் என்னும் பெயரினர் மற்றவரைப்போலவே பலதிறப்பட்டவராயிருக்க, அட்டன்பரோ என்னும் பெயரினரில் மிகப் பெரும்பாலோர் நெருங்கிய உறவுடைய ஒரே வகை ஒய் குரோமோசோமைக் கொண்டிருந்தனர்.

இச்சான்றுக்கும் எல்லை உண்டு. தொடக்கத்தில் ஒரே பெயரைப் பெற்றவர் பலர் இருந்து, அவர்களுள் ஒருவர் வழியில் மட்டும் ஆண்மக்கள் பெருகி மற்ற வழிகள் அற்றுப்போயிருக்கவும் கூடும். தத்தெடுத்தல் முதலியவற்றால் பெயர் ஒரு வழியிலும் குருதி வேறு வழியிலும் செல்வதும் உண்டு. எனவே மரபணு பெயரின் பொருளை நமக்குச் சொல்லாது. ஆனால், பெயர் பல இடங்களில் தனித்தனியே தோன்றிப் பரவியதென்பதைவிட, ஒரு சிலரிடமிருந்து கிளைத்ததென்பதற்கே அது துணைநிற்கிறது. ஒரே சிற்றூரைச் சுட்டும் விளக்கத்தோடு இது ஒத்துப்போகிறது.

நமக்குரிய பாடம்

நான்கு சான்றுகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தவை. பழைய ஆவணத்தை எழுதியவருக்கு மரபணு தெரியாது. மரபணுவை ஆராய்ந்தவர் இலக்கணப் பாலைக் கருதவில்லை. ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒரே இடத்தில் வந்து கூடும்போதுதான் சொற்பிறப்பியல் உறுதிபெறுகிறது. நான் வகுப்பில் சொன்ன விளக்கத்துக்கு இருந்த சான்று ஒன்றே: ஒலி ஒப்புமை.

ஒலி ஒப்புமையின் கவர்ச்சிக்கு நாமும் ஆட்பட்டவர்களே. உலகிலுள்ள எந்த ஊர்ப்பெயரையும் இரண்டாகப் பிளந்து, தமிழ்ச் சொற்களை அவற்றில் காட்டும் விளக்கங்கள் நம் மேடைகளில் கைதட்டல் பெறுகின்றன. எதிர்த்திசையில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சென்னையின் திருவல்லிக்கேணியை ஆங்கிலேயர் ‘டிரிப்ளிக்கேன்’ என்று எழுதினர். தமிழறியாத ஒருவர் அவ்வடிவத்தை மட்டும் பார்த்து, ‘மூன்று பிரம்பு’ என்று பொருள் சொன்னால் நாம் நகைப்போம். அல்லி மலர்ந்த கேணியைச் சுட்டும் பழைய வடிவம் நமக்குத் தெரியும். பிறர் பெயருக்கு நாம் பொருள் சொல்லும்போதும் அதே நெறியை நாம் கைக்கொள்ளவேண்டாவா? தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் இலக்கியமும் சான்றாக நிற்கின்றன. சோதிக்கப்படாத ஒப்புமைகளை அவற்றோடு அடுக்கினால், உண்மையான சான்றுகளையும் உலகம் ஐயுறத் தொடங்கும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் பெயரையோ தெருவின் பெயரையோ எடுத்துக்கொள்ளட்டும். அதன் பொருளை ஊகிப்பதற்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை தேடட்டும். இப்பெயர் எழுதப்பட்ட மிகப் பழைய வடிவம் எது? அவ்வடிவம் அக்கால மொழியின் இலக்கணத்துக்கு இயைகிறதா? அவ்விடத்தின் நிலமும் வரலாறும் அப்பொருளுக்குத் துணைநிற்கின்றனவா? விடை கிடைக்காவிட்டால், “தெரியவில்லை” என்று எழுதவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அன்று நான் அச்சொல்லைச் சொல்லியிருந்தால், தவறான விளக்கம் இரண்டு தலைமுறை மாணவரிடம் சென்று சேர்ந்திராது.

பயிலரங்கில் சந்தித்த அந்த ஆசிரியரைப் பற்றி ஒரு செய்தி. அதற்கடுத்த ஆண்டு அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் வகுப்பில் இரண்டு விளக்கங்களையும் கரும்பலகையில் எழுதி, எது சரியென்று மாணவர்களையே ஆராயச் செய்ததாகவும், முதல் விளக்கத்தைச் சொன்னவர் தம் ஆசிரியர் என்பதை இறுதியில்தான் அவர்களிடம் தெரிவித்ததாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார். அக்கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது.